பச்சை என்றால் ஐந்து

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல்)

"நீதான் ஃபாரின் போய் வந்தவளாச்சே, மலருக்கு ஒரு பயணக் கட்டுரை எழுதிக் கொடு" என்று மலர்க் குழுவினர் வந்து நின்றபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நண்பர்களே, எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஐந்தாவது. அம்மா மூன்றாவது வரை போனதாகச் சொல்வாள். அதிலும் பாதி நாள் ஆடு மேய்த்ததாகப் பாட்டி சொல்வாள். இப்படிப்பட்ட குடும்பம் பாஸ்போர்ட் எடுத்து, வெளிநாட்டுக் கடற்கரையில் நான்கு நாள் காலை நீட்டி உட்கார்ந்து வந்தது என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் போனோம். 2025 மே மாதம், நான்காம் செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு, மலேசியாவில் உள்ள பினாங்குக்கு.

எங்கள் அப்பாவுக்குப் பினாங்கு புதிய ஊரல்ல. 2011 முதல் 2017 வரை ஆறு வருடம் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். முதலில் மங்கு கழுவும் வேலை, பிறகு தண்ணி கலக்கும் வேலை. தண்ணி கலக்குவது என்றால் டீ, காபி, குளிர்பானம் போடுவது. அப்பா விமானம் ஏறியபோது எனக்கு வயது நான்கு. திரும்பி வந்தபோது பத்து. இடையில் ஒரே ஒருமுறை லீவில் வந்து போனார்.

போன வருடம் அம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. 75,000 ரூபாய். நகை வாங்குவாள் என்று எல்லோரும் நினைத்தோம். "ஆறு வருஷம் நீங்க இருந்த ஊரை நான் ஒருதரம் பாக்கணும்" என்றாள். அப்பா சிரித்தார். "அங்க என்ன இருக்கு பாக்க? எனக்கே தெரியாது" என்றார். பினாங்கு ஒரு தீவு, சுற்றிலும் கடல். ஆறு வருடத்தில் அப்பா ஒருநாள்கூடக் கடற்கரையில் போய் உட்கார்ந்ததில்லையாம். மாதம் இரண்டு நாள் லீவு. ஒன்றில் துணி துவைப்பார், இன்னொன்றில் தூங்குவார்.

சித்தப்பா இன்னும் பினாங்கில்தான் இருக்கிறார். "அண்ணி கேட்டு இல்லேன்னு சொல்லலாமாண்ணே, வாங்க" என்று அவரே பேசி, ஒரு மலிவான அறையும் பார்த்துவிட்டார். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா விசா கேட்பதில்லை என்பதால் அந்தச் செலவும் இல்லை. வருகைப் படிவத்தை மட்டும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதை நிரப்பியது நான். டிக்கெட்டில் பெயர் சரிபார்த்தது நான். ஆகவே பணப்பை என் கைக்கு வந்தது. நம் ஜிபே அங்கே எங்களுக்குக் கைகொடுக்கவில்லை, எல்லாம் ரொக்கம்தான். "படிச்ச பிள்ளை, அவகிட்டயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. நிதியமைச்சர் பதவி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அமைச்சர் படித்த முதல் பாடம் திருச்சியில். பணம் மாற்றும் கவுன்ட்டரில் இரண்டு வரிசையாக விலை எழுதியிருந்தது. 'வாங்கும் விலை', 'விற்கும் விலை'. வாங்குவது நாம்தானே என்று வாங்கும் விலையைப் பார்த்து மனக்கணக்குப் போட்டு, அட, மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பலகை கடைக்காரன் வாயால் பேசுகிறது. அவன் வாங்கும் விலை, அவன் விற்கும் விலை. நமக்கு ரிங்கிட் வேண்டுமென்றால் அவன் 'விற்கும்' விலையைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் அவன் பிழைப்பு. இங்கே அந்த இடைவெளி பெரிதாக இருந்தது. "வழிச்செலவுக்கு 200 வெள்ளி மட்டும் மாத்து. மிச்சத்தை ரூபாயாவே எடுத்துக்க. பினாங்குல நம்ம ஆளுங்க கடை இருக்கு" என்றார் அப்பா. ஒருவர் 25,000 ரூபாய் வரை இந்தியப் பணமாகவே வெளியே கொண்டுபோகலாம் என்பது சட்டம். எங்களிடம் மூன்று பேருக்கும் சேர்த்தே அவ்வளவுதான் இருந்தது.

வெள்ளி என்றேனே, அது ரிங்கிட்தான். மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். நூறில் ஒரு பங்கான சென்னைக் காசு என்பார்கள். (சென் என்பதுதான் அதன் பெயர், நம் சென்னைப் பட்டணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!) ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பல் பல்லாக இருப்பது என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் ஓரம் அப்படி இருந்ததால் வந்த பெயர். நாணயம் போய்த் தாள் வந்த பிறகும் தமிழில் வெள்ளி, வெள்ளியாகவே நின்றுவிட்டது.

கோலாலம்பூரில் இறங்கி, பஸ் ஏறி, கடல்மேல் போகும் பினாங்குப் பாலத்தைத் தாண்டி ஜார்ஜ் டவுன் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை சித்தப்பா எங்களை 'லிட்டில் இந்தியா' பக்கம் பணம் மாற்றும் கடைக்குக் கூட்டிப் போனார். பினாங்கில் அந்தத் தொழில் பரம்பரையாகத் தமிழ் முஸ்லிம்கள் கையில் இருந்து வந்தது. சின்னக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெரியவர் "எந்த ஊரு?" என்றார். சொன்னதும் "பக்கத்து ஊருதான் எங்க பாட்டனுக்கு" என்றார். ஆனாலும் விலையை ஒரு காசு குறைக்கவில்லை, அது வேறு விஷயம்! திருச்சியைவிட வெள்ளிக்கு ஒரு ரூபாய்க்கு மேல் எங்களுக்கு லாபம்தான். வாங்கிய இடத்திலேயே, கண்ணாடியை விட்டு நகராமல் எண்ணச் சொன்னார் அப்பா. எண்ணினேன்.

அப்போது அப்பா தன் பழைய பர்ஸிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் காட்டி, "இதையும் மாத்துவீங்களா பாய்?" என்று கேட்டுச் சிரித்தார். பழைய 500 ரூபாய் நோட்டுகள். ஊர் திரும்பும்போது விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகக் கார் வாடகைக்கு என்று டிரங்குப் பெட்டியில் அப்பா ஒளித்து வைத்திருந்தவை. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு அவை செல்லாமல் போயின. வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு 2017 ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தார்கள். அப்பா வந்தது ஆகஸ்டில். பெரியவர் நோட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கிட்டயும் இதுல நாலு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

இனி வெள்ளி நோட்டுகளுக்கு வருகிறேன். நம் துறை நண்பர்களுக்கு 'பி.பி. ராய்' நினைவிருக்கும். கறுப்பு என்றால் பூஜ்யம், பழுப்பு என்றால் ஒன்று என்று ரெசிஸ்டரின் வண்ணக் குறியீட்டை மனப்பாடம் செய்ய முதல் செமஸ்டரில் நாம் எல்லோரும் கும்பிட்ட அதே ராய்தான். கலரைப் பார்த்ததும் மதிப்பைச் சொல்லும் இனத்தைச் சேர்ந்தவள் நான் என்ற மமதையில் நோட்டுகளைப் பரப்பி வைத்துப் படித்தேன். எல்லாத் தாளிலும் ஒரே மன்னர் முகம், மலேசியாவின் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான். ஆகவே முகத்தைப் பார்த்துப் பயனில்லை. நிறம்தான் துணை. 1 வெள்ளி நீலம். 10 சிவப்பு. 20 ஆரஞ்சு. 100 ஊதா. ராய் சொன்ன எதற்கும் பொருந்தவில்லை. ஒன்றே ஒன்று பொருந்தியது. 5 வெள்ளி பச்சை! ராயும் பச்சை என்றால் ஐந்து என்கிறார், மலேசிய அரசாங்கமும் ஐந்து என்கிறது. 50 வெள்ளித் தாள் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம். "மயில்கழுத்துக் கலர்" என்றாள் அம்மா. அவள் கண்ணுக்கு எல்லாம் சேலை.

நோட்டைப் படித்துவிட்டேன், அப்பாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒரு வெள்ளி அப்போது ஏறக்குறைய 20 ரூபாய். எதைத் தொட்டாலும் அப்பா பெருக்குவார். தே தாரிக் இரண்டு வெள்ளி என்றால் "நாப்பது ரூவா டீயா!" என்பார். அம்மாவுக்கு ஒரு ரப்பர் செருப்பு 15 வெள்ளி. "முன்னூறு! ஊர்ல நூத்தம்பதுக்கு வாங்கலாம்." அம்மா செருப்பை வைத்துவிட்டாள். அவள் வேறு ரகம். ஒரு கடையில் பில் 12 வெள்ளி 97 காசு வந்தது, 12.95 கொடுத்தால் போதும் என்றான். 2008-லிருந்தே அங்கே ஒரு காசு நாணயம் புழக்கத்தில் வேண்டாமென்று மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்துகொள்கிறார்கள். இரண்டு காசு லாபம் வந்ததில் அம்மாவுக்கு அன்று முழுவதும் முகம் மலர்ச்சி. அடுத்த கடையில் இரண்டு காசு ஏறியதை நான் சொல்லவில்லை.

பத்து ஃபெரிங்கிக்குப் போனது அன்று மதியம். பினாங்கின் வடக்குக் கரையில் இருக்கிற கடற்கரை அது. பத்து என்றால் மலாயில் கல். ஃபெரிங்கி என்பது வேறொன்றுமில்லை, நம் பறங்கிதான். பறங்கிப்பேட்டை மாதிரி இது பறங்கிக் கல்! 101-ஆம் நம்பர் பஸ் போகிறது. பஸ்ஸில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள், கட்டணத்தைச் சரியாகப் பெட்டியில் போட வேண்டும் என்று சித்தப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனாலும் நிதியமைச்சரிடம் சில்லறை போதவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வெள்ளிக்கு மேல் அதிகம் விழுந்துவிட்டது. "இருவத்தஞ்சு ரூவா போச்சு" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா, இங்க வந்தும் பெருக்கிக்கிட்டே இருந்தா எதுக்கு வந்தோம்? அம்மா செருப்பு வாங்கல, நீங்க டீ குடிக்கல. பிச்சைக்காரங்க மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். தமிழ் தெரிந்த யாரோ முன்சீட்டில் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் பெருக்கவில்லை. பேசவும் இல்லை.

கடற்கரை நான் நினைத்ததுபோல் நீலமாக இல்லை. தண்ணீர் கொஞ்சம் கலங்கல்தான். ஆனால் அலை சாது. நம் பக்கத்துக் கடற்கரை போலவே சவுக்கு மரங்கள். பெரிய பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நின்றாலும் மணலில் உட்கார யாரும் காசு கேட்கவில்லை. பாராசூட்டில் ஆளைக் கட்டிப் படகால் இழுத்து வானத்தில் பறக்கவிட்டார்கள். குதிரை போனது. வெள்ளைக்காரர்கள் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினார்கள். அம்மா சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அப்படியே உட்கார்ந்தே விட்டாள். இரண்டு மணி நேரம். சோறாக்க வேண்டாம், ஆடு பார்க்க வேண்டாம். அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அங்கே பொழுது ஏழரை மணிக்குத்தான் சாய்கிறது. கிழக்குக் கடற்கரைக்காரர்களான நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழுந்துதான் பழக்கம். கடல் பக்கம் இறங்கிப் பார்த்தது புதுசு. இருட்டியதும் சாலையோரம் இரவுச் சந்தை போட்டுவிட்டார்கள். தள்ளுவண்டியில் ஒரு மலாய்க்கார அம்மா அவித்த சோளத்தை உதிர்த்து வெண்ணெய் போட்டுக் கிண்ணத்தில் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு கிண்ணம் 5 வெள்ளி. யாரையும் கேட்காமல் நான் வாங்கினேன். பச்சைத் தாளை எடுத்துக் கொடுத்தேன், கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பத்தடி தூரத்தில் நின்ற அப்பா என்னைத் தாண்டி வண்டியை நோக்கி வேகமாகப் போனார். "மக் சிக், மாஃப் யா, அனாக் சாயா சிலாப் பகி லீமா பூலோ" என்றார்.

என் அப்பா மலாய் பேசி நான் கேட்டதில்லை. ஆறு வருடம் இருந்தவர் பேசாமலா இருப்பார்? ஆனால் எனக்குத் தோன்றியதே இல்லை. அம்மா, மன்னிச்சுக்குங்க, என் பிள்ளை தப்பா அம்பது குடுத்துடுச்சு என்று அதற்கு அர்த்தமாம். அவள் டப்பாவைத் திறந்து மேலே கிடந்த தாளை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். மயில்கழுத்து! சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிக் கொடுத்து, "தாக் அப்பா, தாக் அப்பா" என்றாள். பரவாயில்லை என்பதற்கு அவர்கள் பாஷையில் அப்படித்தான் சொல்வது. என் காதில் 'அப்பா' மட்டும் விழுந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. மணலில் உட்கார்ந்தபிறகு ஒரு 5 வெள்ளியையும் ஒரு 50 வெள்ளியையும் என் கையில் வைத்து, "கண்ண மூடிக்க. எது எதுன்னு சொல்லு" என்றார். மூடினேன். ஒன்று வழுக்கியது, ஒன்று சொரசொரத்தது.

"ஒண்ணும் அஞ்சும் பிளாஸ்டிக்கு. பத்துலேர்ந்து மேல எல்லாம் பேப்பரு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கல்லாவுல ஆள் இல்லன்னா நான்தான் காசு வாங்கணும். கை எப்பவும் ஈரம், கண்ணு தூக்கத்துல சொருகும். கலரைப் பாத்தா ஏமாந்துருவோம் பாப்பா. ஈரக் கையில பேப்பரு ஒட்டும், பிளாஸ்டிக்கு ஒட்டாது. அவ அந்தத் தாள மடிச்சப்ப மடிஞ்ச விதத்துலயே தெரிஞ்சுபோச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஒருதரம் அஞ்சுக்குப் பதிலா அம்பதைக் குடுத்திருக்கேன். சம்பளத்துல நாப்பத்தஞ்சு வெள்ளி புடிச்சுட்டாங்க" என்றார்.

"எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள் அம்மா.

"ஃபோன்ல அதையும் சொன்னா அதுக்கு வேற காசு ஆவுமே."

பிறகு தானாகவே சொன்னார். பெருக்குவது அவருக்கு வந்த புத்தியல்ல. அதுதான் அவரை அங்கே உட்கார வைத்தது. ஒரு டீ குடிக்காமல் விட்டால் இரண்டு வெள்ளி. அதை ரூபாயாக்கினால் ஊரில் எனக்கு ஒரு நோட்டும் பென்சிலும். பஸ் ஏறிக் கடல் பார்க்கப் போகாமல் விட்டால் அது என் தங்கைக்கு ஒரு பால் டப்பா. சம்பளத் தேதி அன்று படுக்கையில் படுத்துக்கொண்டு பெருக்கிப் பார்ப்பாராம். "அப்ப இனிச்சுது பாப்பா. இப்ப அதே வாய்ப்பாட்ட செலவுக்குச் சொல்றேன், கசக்குது. நான் என்ன பண்ண?"

எனக்கு 2015 நினைவுக்கு வந்தது. மாதம் ஆயிரம் வெள்ளி அனுப்புவார். அதற்கு முந்தைய வருடம் வெள்ளி 18 ரூபாய்க்கு மேல் இருந்தது. 2015 செப்டம்பரில் 15 ரூபாய்க்கு வந்துவிட்டது. அதே கடை, அதே வேலை, அதே ஆயிரம் வெள்ளி. வீட்டுக்கு வந்தது மூவாயிரம் குறைவு. "ஒங்கப்பா பணத்தைக் கொறச்சுட்டான், என்ன செலவு பண்றானோ" என்று பாட்டி தெருவில் பேசினாள். அம்மாகூட அப்படித்தான் நினைத்தாளாம். அந்த வருடம் தளம் போட வேண்டிய வீடு ஓட்டோடு நின்றுபோனது. சின்னப் பிள்ளையாக இருந்த நான் ஃபோனில், "ஏம்ப்பா கம்மியா அனுப்புறீங்க?" என்று கேட்டிருக்கிறேன். என்ன பதில் சொன்னார் என்று நினைவில்லை. வெள்ளி விழுந்துவிட்டது என்று சொல்லியிருப்பார். எங்கே விழுந்தது என்று நான் கேட்டிருப்பேன்.

இதையெல்லாம் அங்கே நான் பேசவில்லை. பஸ்ஸில் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. சோளக் கிண்ணத்தை நீட்டினேன். வாங்கி, பாதியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டார்.

மறுநாளும் அங்கேயே போனோம். பார்க்க வேண்டியவை பினாங்கில் எவ்வளவோ உண்டு, கோவில், கோட்டை, மலைமேல் போகும் ரயில். அம்மா கடலைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. இந்த முறை சில்லறையைச் சரியாக எண்ணிப் போட்டேன். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். கழுத்தளவு போய் மல்லாந்து மிதந்தார். ஊர்க் கண்மாயில் பழகிய நீச்சல். ஒரு மணி நேரம் கழித்து வந்து, இளநீர்க்காரனிடம் தானே போய் மூன்று என்று விரலைக் காட்டினார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் முதல் வாய் குடிக்குமுன் அவர் உதடு லேசாக அசைந்ததைப் பார்த்தேன்!

போகிற வழியில் அந்த 15 வெள்ளிச் செருப்பையும் வாங்கினோம். அம்மா இன்னும் அதைக் காலில் போடவில்லை.

கிளம்பும் நாள் மிச்சமிருந்த தாள்களைப் பெரியவர் கடையிலேயே ரூபாயாக்கினோம். நாணயத்தை அவர் வாங்கவில்லை, எங்கேயும் வாங்கமாட்டார்களாம். 2 வெள்ளி 85 காசு மிஞ்சியது. சித்தப்பாவிடம் கொடுத்திருக்கலாம். அப்பா தன் பர்ஸில் போட்டுக்கொண்டார், அந்தச் செல்லாத இரண்டு 500 ரூபாய்க்குப் பக்கத்தில்.

டிசம்பரில் ஒருநாள் நான் லேப் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். ரெசிஸ்டருக்குக் கலர் பென்சிலால் பட்டை தீட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்று, "இப்ப வெள்ளி என்ன வெல பாப்பா?" என்றார். ஃபோனில் பார்த்து, 22 ரூபாய் ஆகிவிட்டது என்றேன்.

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"அறுவது ரூவாய்க்கு மேல ஆச்சு. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார்.